போத்தலும் பெயர்ச்சீட்டும்

நம் வீடுகளில் வெறும் போத்தலுக்கு உள்ள மதிப்பு மிகச் சிறியது. உள்ளே இருந்த பொருள் தீர்ந்தவுடன் அது அடுப்படியின் மூலைக்கோ வேலியோரத்துக்கோ சென்றுவிடுகிறது. மனிதரையே வேலை தீர்ந்தவுடன் மூலைக்கு அனுப்பும் சமுதாயத்தில் ஒரு போத்தலுக்காக யார் இரங்கப் போகிறார்கள்? ஆயினும், அந்தப் போத்தலைக் கையில் எடுத்து, அதன்மேல் ஒட்டியிருக்கும் தாளை நீக்கி, கழுவி, மீண்டும் பயனுக்குக் கொண்டுவரும் சிறு தொழிலில் இரசாயனம் உண்டு, பொருளாதாரம் உண்டு, வரலாறும் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இரசாயனம் கற்பித்து ஓய்வுபெற்ற நான், இவை மூன்றையும் ஒருங்கே கண்டது வகுப்பறையிலன்று. இங்கிலாந்தில் ஒரு மூதாட்டியின் கொல்லைப்புறத்தில், வாளியும் தூரிகையுமாக நின்ற வேளையிலேயே.

2018 ஆம் ஆண்டுக் கோடையில் என் மகளின் குடும்பத்தோடு சில மாதங்கள் தங்குவதற்காகப் பேர்ட்டன் என்னும் நகரத்துக்குச் சென்றிருந்தேன். திரென்ற் நதிக்கரையிலுள்ள இந்நகரம் பியர் காய்ச்சுதலுக்குப் பேர்பெற்றது. நிலத்தடியிலுள்ள சிப்சம் படைகளை ஊடறுத்து வரும் அதன் கிணற்று நீரில் கல்சியம் சல்பேற்று மிகுதியாகக் கரைந்திருக்கிறது. வெளிறிய நிறமும் தெளிந்த கசப்புமுள்ள பியருக்கு அந்த நீர் மிகவும் உகந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேர்ட்டன் பியர் பீப்பாய்களிலே கப்பலேறி இந்தியாவுக்குச் சென்றது. அங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரிகளின் தாகத்தைத் தணித்தது. ஏகாதிபத்தியத்தின் கப்பல்கள் நம் நாடுகளிலிருந்து தேயிலையும் கோப்பியும் பருத்தியும் ஏற்றிச் சென்றன என்பதை நாம் படித்திருக்கிறோம். அவை வரும்போது எதனை ஏற்றி வந்தன என்பதையும் சிறிது எண்ணிப் பார்த்தல் நன்று.

லேபிளின் வரலாற்றிலும் இந்நகரத்துக்குத் தனியிடம் உண்டு. 1875 இல் பிரித்தானியாவில் வர்த்தகக் குறிகளைப் பதிவு செய்யும் சட்டம் நிறைவேறியது. 1876 ஆம் ஆண்டின் முதல் நாளில், முதல் இலக்கமாகப் பதிவானது பேர்ட்டன் நகரத்து பாஸ் கம்பனியின் செம்முக்கோணம். பிரெஞ்சு ஓவியர் மனே 1882 இல் வரைந்து முடித்த புகழ்பெற்ற ஓவியம் ஒன்றில், பாரிஸ் நகரக் கேளிக்கை மண்டபத்தில் மதுமேசையின் பின்னே ஓர் இளம் பெண் அயர்ந்த முகத்தோடு நிற்கிறாள்; அவள் முன்னே அந்தச் செம்முக்கோணப் போத்தல்கள் நிற்கின்றன. படத்தைப் பார்ப்போர் பலர் போத்தலின் பெயரைச் சொல்லிவிடுவர். அதனை விற்க நிற்கும் பெண்ணின் பெயரைச் சொல்லக்கூடியவர் மிகச் சிலரே. பெயர்ச்சீட்டு என்பது எதற்குப் பெயர் தருகிறது, எதனை மறைக்கிறது என்பதற்கு இதனைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

என் மகளின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் எழுபத்திரண்டு வயதுடைய ஒரு விதவைத் தாய் வாழ்ந்தார். பதினாறு வயதிலே பியர் ஆலை ஒன்றின் போத்தல் நிரப்பும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அக்கூடம் மூடப்படும் வரையில் அங்கேயே உழைத்தவர். இப்போது வீட்டிலேயே தமக்கும் அயலவருக்குமாகப் பியர் காய்ச்சினார். அப்பகுதி உழைப்பாளி மக்கள் அன்போடு ஒருவரை அழைக்க வழங்கும் சொல் ‘டக்’ என்பது. தாராவைக் குறிக்கும் அச்சொல்லால் ஒரு பழைய உபாத்தியாயர் அழைக்கப்பட்டமை என் பேரப்பிள்ளைகளுக்குப் பெரும் வேடிக்கையாயிற்று. நான் மது அருந்துபவன் அல்லன் என்பதை முதல் நாளே அவரிடம் சொன்னேன். “நீங்கள் குடிக்க வேண்டாம், டக். போத்தல் கழுவத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் போத்தல் கழுவத் தெரியாது என்று எப்படிச் சொல்வான்?

முளைவிட்ட வாற்கோதுமையின் இனிப்புச் சாற்றை ஹொப்ஸ் என்னும் கசப்புப் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மதுவம் சேர்த்து நொதிக்க விடுவார். ஒரு முறை காய்ச்சினால் ஏறக்குறைய 23 லீற்றர் கிடைக்கும். அரை லீற்றர்ப் போத்தல்களில் அடைப்பதானால் 40 இற்கு மேற்பட்டவை வேண்டும். ஒவ்வொரு போத்தலிலும் அரைத் தேக்கரண்டியளவு சீனி இடப்படும். எஞ்சிய மதுவம் அதனை நொதிக்கச் செய்வதாற் பிறக்கும் காபனீரொட்சைட்டு போத்தலுக்குள் அடைபட்டு நுரையாகும். அந்த அமுக்கத்தை மெல்லிய கண்ணாடி தாங்காது, வெடித்துவிடும். ஆகவே பியருக்கென்றே செய்யப்பட்ட தடித்த போத்தல்கள் வேண்டும். அவையும் மண்ணிறமாக இருத்தல் நன்று. ஒளி பட்டால் ஹொப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து, கந்தகம் சேர்ந்த துர்நாற்றப் பொருளொன்று உண்டாகிறது. மண்ணிறக் கண்ணாடி அந்த ஒளியைப் பெருமளவு தடுக்கிறது. இத்தகைய போத்தல்களைப் புதிதாக வாங்கினால் பணம். அயலவர் குடித்துவிட்டு எறிபவற்றைச் சேகரித்தாலோ செலவில்லை. கழுவும் உழைப்பு மாத்திரமே.

உழைப்பிலும் பெரும்பகுதி லேபிளை நீக்குவதுதான். அவர் முதலில் போத்தல்களை மூன்று வகையாகப் பிரிப்பார். சாதாரணத் தாளும் மாப்பொருட் பசையும், அல்லது பாலின் புரதத்திலிருந்து செய்யும் கேசீன் பசையும் கொண்டவை முதல் வகை. ஒரு வாளி சுடுநீரில் ஒரு கைப்பிடி சலவைச் சோடாவைக் கரைத்து, இவற்றை அதில் அமிழ்த்திவிட்டு உறங்கப் போகலாம். காரநீரில் பசை இளகி, காலையில் தாள்கள் தாமாகவே கழன்று நீரில் மிதக்கும். உலோகப் பூச்சுள்ள தாள்கள் இரண்டாம் வகை. பூச்சு நீரை உட்புக விடாது. ஆகவே கத்தி நுனியால் தாளிலே சில கீறல்கள் இட்ட பின்னரே ஊறவைக்க வேண்டும். பிளாஸ்ரிக் ஒட்டிகள் மூன்றாம் வகை. இவற்றின் அக்கிரிலிக்குப் பசையை நீரும் சோடாவும் அசைப்பதில்லை. போத்தலினுள்ளே சுடுநீர் ஊற்றிப் பசையை இளகச் செய்து, ஒரு முனையிலிருந்து மெல்ல உரிக்க வேண்டும். பின்னும் பிசுக்கு நிற்கும். சமையல் எண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் விட்டுத் தேய்த்தால் அதுவும் போகும். ஆனால் அந்த எண்ணெயில் ஒரு துளியும் போத்தலின் உள்ளே எஞ்சக்கூடாது. எஞ்சினால் பியரின் நுரை நில்லாது.

கழுவி அடுக்கிய போத்தல்கள் உலர்ந்தபோது அவற்றின்மேல் வெண்ணிறப் படலம் ஒன்று படிந்திருந்தது. அவர் ஒன்றும் பேசாமல், சிறிது வினாகிரி கலந்த நீரில் அவற்றை அலசினார், படலம் மறைந்தது. அந்த ஊரின் வன்னீரிலுள்ள கல்சியம் சலவைச் சோடாவிலுள்ள காபனேற்றோடு சேர்ந்து கரையாத கல்சியம் காபனேற்றாகப் படிகிறது என்றும், வினாகிரியின் அமிலம் அதனைக் கரைக்கிறது என்றும் நான் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். “ஆலையில் ஐந்து வருடம் இந்த வெள்ளைப் படலத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஏன் என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை” என்றார். அவருக்குத் தீர்வு தெரிந்திருந்தது. எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. இவ்விரண்டையும் இரு வேறு மனிதரிடம் பிரித்து வைத்து, ஒன்றுக்குக் கூலியும் மற்றொன்றுக்குச் சம்பளமும் கொடுக்கும் ஏற்பாட்டையே நாம் கல்வி என்று அழைத்து வருகிறோம்.

என் மகளுக்கு இது சிறிது கூச்சமாக இருந்தது. “அப்பா, இந்த வயதிலை உங்களுக்கு இது தேவையோ? ஆரும் பாத்தால் என்ன நினைப்பினம்?” என்றாள்.

“போத்தல் கழுவிறவன் எண்டு நினைப்பினம். அது பொய்யில்லைத்தானே, பிள்ளை” என்றேன்.

வாளியருகே அமர்ந்து அந்தத் தாய் தம் கதையைச் சொல்வார். ஊருக்குள் சென்று திரும்பிவரும் போத்தல்கள் கொதிக்கும் எரிசோடாக் கரைசலினூடாகச் செல்லும். பழைய லேபிள்கள் கூழாகி வெளியே வரும். அக்கூழை வாருவதற்கு ஒருத்தி. கழுவிய போத்தல்கள் வெண்ணிற விளக்கொன்றின் முன்னே அணிவகுத்துச் செல்ல, வெடிப்போ அழுக்கோ உண்டா என்று கண்ணிமைக்காமல் பார்ப்பதற்கு ஒருத்தி. புதிய லேபிள் ஒட்டும் யந்திரத்துக்குப் பசை ஊற்றுவதற்கு ஒருத்தி. கண்ணாடி மோதும் ஓசையில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேளாது. உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். அதே கூடத்தில் பெட்டி தூக்கிய ஆண்களுக்குப் பெண்களிலும் கூடிய கூலி. 1968 இல் டகன்ஹாம் நகரத்து மோட்டார்த் தொழிற்சாலையின் தையற் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1970 இல் சம ஊதியச் சட்டம் நிறைவேறியது. 1975 இன் இறுதியிலேயே அது நடைமுறைக்கு வந்தது. “சட்டம் வருவதற்கும் கூலி வருவதற்கும் இடையில் நான் இரண்டு பிள்ளை பெற்றுவிட்டேன்” என்று அவர் சிரித்தார். மிதக்கும் தாளொன்றை எடுத்து நீரை வடித்துக் காட்டி, “இதிலே ஆலைக்காரன் பெயர் உண்டு, தண்ணீரின் பெருமை உண்டு, வாங்கிய பதக்கங்கள் உண்டு. எங்கள் பெயர் எங்கே, டக்?” என்றார்.

அக்கேள்விக்கு விடை எந்த லேபிளிலும் இல்லை. பண்டம் தன்னைத்தானே ஆக்கிக்கொண்டது போலக் கடையில் வந்து நிற்கிறது; அதன் பின்னேயுள்ள கைகளை லேபிள் மூடுகிறது. லேபிளைக் கழற்றிய பின்னர் கையிலிருப்பது பெயரற்ற கண்ணாடி. அது எவருடைய பெயரையும் சொல்லாது, பொய்யும் சொல்லாது.

வீட்டிற் காய்ச்சும் உரிமைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒருகாலத்தில் இங்கிலாந்தின் குடிசைகளிலே பியர் காய்ச்சுவது ரொட்டி சுடுவது போன்றதொரு சாதாரண வேலை. 1820 களின் தொடக்கத்தில் வில்லியம் கொபற் என்ற கிளர்ச்சி எழுத்தாளர், உழைப்பாளியின் வீட்டில் பியர் காய்ச்சுதல் அழிந்து போனமைக்கு மோல்ற் வரியும் ஹொப்ஸ் வரியுமே காரணம் என்று ஆட்சியாளரைச் சாடினார். 1880 இல் மோல்ற் வரி நீங்கிற்று. எனினும் வீட்டிற் காய்ச்சுவோரும் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்ற விதி வந்தது. அது நீக்கப்பட்டது 1963 இலேயே. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 இல் முடிந்த போதும், வீட்டிலே பியர் காய்ச்சும் சுதந்திரம் 1978 இல் ஜனாதிபதி காட்டர் ஒப்பமிட்ட சட்டத்தின் மூலமே கிடைத்தது. வரி தேடும் அரசும் சந்தை தேடும் ஆலையும் சேர்ந்து, வீட்டில் நடந்த வேலையொன்றை வீட்டாரிடமிருந்து பறித்துக்கொண்டன. பின்னர் பல தலைமுறை கழித்து, அதனை ஒரு பொழுதுபோக்காகத் திருப்பிக் கொடுத்தன.

நம் நாட்டின் கதை இதனிலும் கசப்பானது. 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் ஆக்குவதைக் குற்றமாக்கிற்று. அதற்கு முன்னரே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், சாராயக் குத்தகை எடுத்தோர் பெருஞ் செல்வராகி இந்நாட்டு முதலாளி வர்க்கத்தின் முன்னணிக்கு வந்ததைக் குமாரி ஜயவர்த்தனா 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். குடித்தவன் குடிசையிலேயே இருந்தான். குத்தகைக்காரன் மாளிகை கட்டினான். கசிப்பை நான் ஆதரிக்கவில்லை. ஏழையின் உடலையும் குடும்பத்தையும் அது அழிப்பதைக் கிராமப் பாடசாலைகளிலே பசியோடு வந்த பிள்ளைகளின் முகங்களிற் கண்டிருக்கிறேன். ஆயினும், உயிரைப் பணயம் வைத்துப் பனையிலேறிக் கள்ளிறக்கும் தொழிலாளியை இழிந்தவன் என்று ஒதுக்கிவிட்டு, அழகிய லேபிள் ஒட்டிய போத்தலை மேசைமீது மரியாதையாக வைக்கும் பண்பாட்டை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அங்கே மதிப்புப் பெறுவது பானமன்று, லேபிளே.

போத்தல் என்ற சொல்லைக் கேட்டவுடன் என் தலைமுறையினர் சிலருக்கு வேறொரு காட்சி நினைவுக்கு வரும். 1960 களில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் குவளையில் தேநீர் கொடுப்பதில்லை. அவர்கள் வெளியே நிற்க வேண்டும். போத்தலிலோ தகரப்பேணியிலோ ஊற்றிக் கொடுப்பார்கள். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த ஒருவன், கடை வாசலுக்கு வெளியே வெயிலில் நின்று, சுடும் சோடாப் போத்தலைச் சட்டை முனையாற் பிடித்துக்கொண்டு ஊதி ஊதித் தேநீர் குடித்ததை நான் கண்டிருக்கிறேன். அந்தப் போத்தலில் லேபிள் இருக்கவில்லை. போத்தலே அவன்மீது ஒட்டப்பட்ட லேபிளாக இருந்தது.

1957 ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியிருந்தது. அச்சட்டம் மாத்திரம் அந்த லேபிளைக் கழற்றிவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன் பின்னர் தேநீர்க்கடைகளிலும் ஆலய வாசல்களிலும் நடந்த போராட்டங்களும், அவற்றிலே சிந்தப்பட்ட இரத்தமுமே அதனை இளகச் செய்தன. காலம் செல்லச் செல்லத் தானாகவே எல்லாம் மாறிவிடும் என்று சொல்வோர் இன்றும் உளர். ஊறவைத்த வாளியில் தாள் தானாகக் கழன்று மிதப்பதைப் பார்ப்பவரும் அப்படியே எண்ணக்கூடும். ஆனால் அந்த வாளியில் நீரைச் சுடவைத்தவர் யார், சோடாவை இட்டவர் யார் என்று கேட்க வேண்டாமா? இன்றும் கழலாத பசை நம்மிடையே உண்டு. கலியாணப் பேச்சு வரும்போது அது எவ்வளவு உறுதியாக ஒட்டியிருக்கிறது என்பது தெரியவரும்.

போத்தல் இழிவையே சுமந்தது என்று சொல்வதும் நீதியாகாது. 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், மின்சாரமும் போதிய மண்ணெண்ணெயும் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தலே நமக்கு விளக்காயிற்று. அடியில் சிறிது பஞ்சு, அதனை நனைக்குமளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு திரி. போத்தலின் சுவரே காற்றைத் தடுக்கும் சிமினி. லேபிளை முற்றாகச் சுரண்டிக் கழுவினாலன்றி அதிலிருந்து வெளிச்சம் வராது. என் மாணவர் பலர் அந்த ஒளியிலேயே ஆவர்த்தன அட்டவணையைப் படித்தார்கள். அதே ஒளியில் நான் அவர்களுடைய விடைத்தாள்களைத் திருத்தினேன். எவருடைய ஜாம் அதில் இருந்தது என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

இனிப் பசையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆலைக்குத் திரும்ப வேண்டிய போத்தலின் லேபிள், கழுவும்போது கழன்றுவிடத்தக்க பசையால் ஒட்டப்படும். ஏனெனில், கழுவும் செலவு ஆலைக்காரனுடையது. ஒருமுறை விற்று எறிவதற்கென்று செய்யப்பட்ட போத்தலிலோ அந்தக் கவலை இல்லை. அதன் ஒட்டி எத்தனை உறுதியாக இருந்தாலும் அவனுக்கு என்ன? அதனை உரிப்பவர் மூதாட்டி ஒருவர்; அல்லது குப்பைமேட்டிலே நிற்கும் ஒரு பிள்ளை. பசை எளிதில் இளகுவதும் இளகாதிருப்பதும் இரசாயனத்தில் மாத்திரம் தங்கியிருக்கவில்லை. போத்தலுக்குப் பொறுப்பாளி யார் என்பதிலும் தங்கியிருக்கிறது.

ஜேர்மனியில் ஒரே வடிவமான பியர்ப் போத்தல்களைப் பல ஆலைகள் பொதுவாகப் பகிர்ந்துகொள்கின்றன. வாங்குவோர் வைப்புப் பணம் செலுத்தி, போத்தலைத் திருப்பிக் கொடுத்து அதனை மீளப் பெறுகின்றனர். ஓர் ஆலையின் லேபிளைக் களைந்த போத்தல் அடுத்த முறை இன்னோர் ஆலையின் லேபிளோடு வரலாம். முதலாளித்துவ நாடொன்றிலேயே போத்தலை இவ்வாறு பொதுவாக வைத்துக்கொள்ள முடிகிறது. ஆனால், 2025 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிறைவேறிய வைப்புப் பண விதிகளோ பிளாஸ்ரிக் போத்தலையும் உலோகப் பேணியையும் சேர்த்துக்கொண்டு கண்ணாடியை வெளியே விட்டுவிட்டன. நம் ஊர்களிலும் பழைய போத்தலை வாங்கிச் சேர்த்து, தரம் பிரித்து, மீண்டும் தொழிலுக்கு அனுப்புகின்ற சைக்கிள் வியாபாரிகள் செய்வது நாட்டுக்குப் பயன்படும் பணியே. அவர்களை நாம் பெயர் சொல்லி அழைப்பதுமில்லை; வாசற்படிக்கு மேலே வரச் சொல்வதுமில்லை.

இதனைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு யோசனை. காரம், அமிலம், வன்னீர் ஆகிய பாடங்களைக் கற்பிக்கும் நாளில் ஒரு வாளியையும் சில பழைய போத்தல்களையும் சிறிது சலவைச் சோடாவையும் வகுப்பறைக்குக் கொண்டு செல்லுங்கள். மாணவரைக் கொண்டே லேபிள்களைக் கழற்றச் செய்யுங்கள். பசை ஏன் இளகுகிறது என்று அவர்கள் கேட்பார்கள், சொல்லிக் கொடுங்கள். பின்னர் நீங்கள் அவர்களைக் கேளுங்கள்: இந்தத் தாளிலே யாருடைய பெயர் இருக்கிறது? இதனைக் கழுவியவர், நிரப்பியவர், சுமந்தவர் ஆகியோரின் பெயர்கள் ஏன் இல்லை? முதற் கேள்வி பரீட்சைக்கு உதவும். இரண்டாவது கேள்வி எந்தப் பரீட்சையிலும் வராது. ஆயினும், அதனைக் கேட்கப் பழகிய பிள்ளை நாளை எந்த மனிதர்மீதும் ஒட்டப்பட்ட சீட்டை வாசித்துவிட்டு ஆளை அறிந்துவிட்டதாக எண்ணமாட்டாது.